அல்சூரிலிருந்து பேகூர் வரை: நண்பர்களோடு முதல் சைக்கிள் பயணம்

பெங்களூரில் சைக்கிள் வாங்குகிறவர்கள் பலரும் முதல் வாரமே நந்தி மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் அந்தச் சைக்கிள் பால்கனியில் துண்டு காயப்போடும் கொடியாகிவிடும். எங்கள் குழுவிலேயே அப்படி இரண்டு கொடிகள் உண்டு. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி: ஊருக்குள்ளேயே, போக 16 கிலோமீட்டர், திரும்ப 16. நடுவில் பழைய கோயில்கள், கல்வெட்டுகள்.

1. முதலில் நிற்கும் இடம், அப்புறம் தூரம்

வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். எங்கே இறங்கப்போகிறோம் என்று குறியுங்கள். எங்கள் வரிசை: அல்சூர் சோமேஸ்வரர் கோயில் வாசலில் கூடுவது, தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயில், மடிவாளா சோமேஸ்வரர் கோயில், கடைசியில் பேகூர் நாகேஸ்வரர். அடுத்தடுத்த எந்த இரண்டுக்கும் நடுவில் 8 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. புதியவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கும்போது ஒரு கோயில் வந்துவிடும்.

2. சைக்கிள்

கியர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இந்தப் பாதை ஓட்டலாம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். முட்டி வலி என்று புலம்புகிற பாதிப் பேருக்குச் சீட் தாழ்வாக இருப்பதுதான் காரணம். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று அச்சடித்திருப்பார்கள். முந்தின நாள் இரவே அடித்துவிடுங்கள்.

குழுவுக்கு ஒரு பை போதும்: கைப்பம்பு, டயரை நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லீவர், அறுகோணத் திருகுகளுக்கு அலன் கீ, பேட்ச், ஸ்பேர் டியூப். டியூபின் அளவை நீங்களே படித்துப் பாருங்கள். ஒருமுறை இன்னர் ரிங் ரோட்டில் பங்ச்சர். பையில் புது டியூப் இருக்கிறதே என்று தெம்பாகப் பிரித்தால், கடையில் கொடுத்தது 26 அங்குலம், எங்கள் சக்கரமோ அதைவிடப் பெரிய 700சி அளவு. பங்ச்சர் கடை திறக்கும்வரை ஒன்றரை மணி நேரம் டீக்கடையில் தவம்.

ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அரைக்கால் சட்டையில் வருகிறவர்கள் பையில் ஒரு வேட்டி வைத்துக்கொள்ளுங்கள், கோயிலுக்குள் தேவைப்படும்.

3. யார் முன்னால், யார் பின்னால்

மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால். இதற்கு மட்டும் விதிவிலக்கே கிடையாது. வேகமானவர் முன்னால் போனால் ஒரே சிக்னலில் குழு இரண்டாகிவிடும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கருவிப் பையோடு கடைசியில் வர வேண்டும், அவர்தான் வால். ஒற்றை வரிசை. குழி வந்தால் முன்னால் இருப்பவர் கையைக் கீழே காட்ட வேண்டும், வேகத்தடை வந்தால் கத்த வேண்டும். ஆறு பேருக்கு மேல் வேண்டாம்.

4. கிளம்பும் நேரம்

ஞாயிறு காலை ஆறு மணி. ஏழரைக்குள் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிவிட வேண்டும். அங்கே நெரிசல் எப்படி என்று பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் போகும்போது தொம்மலூரில் பத்து நிமிடம், மடிவாளாவில் அரை மணி. மீதியைத் திரும்பும்போது பார்க்கலாம், நடுப்பகலில் நடை சாத்துவதற்கு முன்னால் வந்துவிட்டால். இட்லி வடையைப் பொம்மனஹள்ளி தாண்டி வைத்துக்கொள்ளுங்கள், வயிறு நிறைந்தபின் யாருக்கும் கால் நகராது.

5. கல்லைப் படிப்பது

இதற்காகத்தான் இவ்வளவும். தொம்மலூர்க் கோயிலின் பெயரைப் பார்த்துச் சிவன் கோயில் என்று நினைப்பீர்கள். உள்ளே இருப்பது பெருமாள். இந்த ஊரைக் கல்வெட்டுகள் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் சொல்கின்றன. மடிவாளாவில் வெளிச்சுவரிலேயே தமிழ்க் கல்வெட்டுகள். 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்தவர் வேப்பூர்க்காரர். வேப்பூர் என்பது நாம் அடுத்து மிதிக்கப்போகும் பேகூர்தான்.

முதல் தடவை பார்த்தால் ஒரு சொல்லும் பிடிபடாது. எழுத்துகளின் வடிவமே கொஞ்சம் வேறு, போதாததற்கு நடுநடுவே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எ, ஏ இரண்டுக்கும் ஒரே எழுத்து. துணைக்காலும் 'ர'வும் ஒரே மாதிரி. ஆக, வேப்பூர் என்பதை 'வெபபூர' என்று வெட்டியிருப்பார்கள் என எதிர்பார்த்துத் தேடுங்கள். தொடக்கத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வழி. அப்புறம் 'ஏரி', 'நிலம்', 'சந்திராதித்தவரை' போன்ற சொற்களைத் துழாவலாம். கடைசிச் சொல்லுக்கு, சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று பொருள்.

போன் டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்து எழும். சாக்பீஸ், மாவு எதையும் தடவக் கூடாது, கல் கெட்டுவிடும்.

நாங்கள் இப்படி டார்ச்சோடு குனிந்திருந்தபோது, பூ விற்கும் அம்மா ஒருவர், "என்னப்பா, தோடு கீடு விழுந்துடுச்சா?" என்று கேட்டார். தருமபுரிக்காரர். "தமிழ்ல எழுதியிருக்கும்மா" என்றதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார். "இத்தனை வருஷமா இதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

6. பேகூர்

ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி வந்து வலப்பக்கம் திரும்புங்கள். கோயிலில் கங்க மன்னர்கள் காலச் சன்னிதிகள் உண்டு. ஆனால் தேட வேண்டியது சுமார் 890ஆம் ஆண்டுக் கல்வெட்டை. பெங்களூர்ப் போரில் ஒரு வீரர் இறந்ததைப் பழங்கன்னடத்தில் சொல்லும் கல் அது. ஹொய்சள மன்னர் வீரபல்லாளருக்கு ஒரு கிழவி வேகவைத்த பயறு (கன்னடத்தில் 'பெந்த காளு') கொடுத்ததால் பெங்களூருக்கு இந்தப் பெயர் வந்தது என்ற கதையைவிட இந்தக் கல் ஏறத்தாழ 300 ஆண்டு மூத்தது. எங்கள் குழுவில் இருக்கும் கன்னட நண்பர் இங்கே ஆசிரியராகிவிடுவார், மடிவாளாவில் நாங்கள் காட்டிய பந்தாவுக்குப் பதிலடி.

சைக்கிள்களைச் சேர்த்துப் பூட்டுங்கள். ஒருவர் முறை வைத்து வெளியே நிற்கட்டும்.

7. அடுத்தது

இதை மூன்று ஞாயிறு செய்தபிறகு தேவனஹள்ளிக் கோட்டை. 1501இல் மண்கோட்டையாகத் தொடங்கி, ஹைதர் அலி காலத்தில் கல்லானது. 1791இல் ஆங்கிலேயர் தரப்பில் கார்ன்வாலிஸ் பிடித்தார். திப்பு பிறந்த இடமும் பக்கத்தில்தான். அங்கிருந்து இன்னும் சுமார் 20 கிலோமீட்டரில், நந்தி மலையடிவாரத்தில் போகநந்தீஸ்வரர் கோயில். அதன் குளத்துப் படிக்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது, திரும்புவதற்கான நேரத்தை முன்பே பேசி வையுங்கள்.

மலை மேலே ஏறுவது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் இன்னும் பாதியில் இறங்கித் தள்ளுகிற கட்சி.