சர்வர் ப்ராடக்ட் கீ: மலையில் அடிக்கடி காணும் தவறுகள்

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையின் எடைக் கணக்கை வைத்திருந்த சர்வர், ஓர் ஐப்பசி மாத இடியில் பழுதானது. மதர்போர்டை மாற்றி, விண்டோஸ் சர்வரை மறுபடி நிறுவி, ஆக்டிவேட் செய்யும் (லைசென்ஸ் சரியானது என்று உறுதிப்படுத்தும்) கட்டம் வந்தபோதுதான், அதற்கு வேண்டிய 25 எழுத்து ப்ராடக்ட் கீ யாரிடமும் இல்லை என்பது தெரிந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பல மழைக்காலங்களின் ஈரத்தில் வெளிறிப் போயிருந்தது. பழைய டிஸ்க்கை, இனி எதற்கு என்று யாரோ ஏற்கெனவே ஃபார்மட் செய்திருந்தார்கள். முறையாகப் பணம் கட்டி வாங்கிய லைசென்ஸை அந்தத் தொழிற்சாலை இரண்டாவது முறை வாங்க நேர்ந்தது. குன்னூர், உதகை, கூடலூர் என்று சர்வர் வேலைக்குப் போகும் இடங்களில் இதே இழப்பை வெவ்வேறு வடிவங்களில் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

கீயைத் தேடுவதற்கு முன், அது எந்த வகைக் கீ என்று பார்க்காமல் இருப்பதே எல்லாவற்றுக்கும் மூலமான தவறு. சர்வர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி’ (slmgr /dlv) என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால், ரீடெயில் (தனியாக வாங்கியது), ஓஇஎம் (பெட்டியோடு சேர்ந்து வந்தது), வால்யூம் (நிறுவனம் ஒப்பந்தம் செய்து மொத்தமாக வாங்கியது) ஆகியவற்றில் எந்த வழியில் வந்த கீ என்பதும் அதன் கடைசி ஐந்து எழுத்துகளும் திரையில் வந்துவிடும். முழுக் கீயை இந்தக் கட்டளை காட்டாது. ஆனாலும், கையில் இரண்டு மூன்று கீகள் இருக்கும்போது எது எந்த சர்வருடையது என்று பிரித்தறிய அந்த ஐந்து எழுத்துகளே போதும்.

வகை தெரியாமல் தேடுவோர் பெரும்பாலும் கீ கண்டுபிடிக்கும் சிறு மென்பொருளை இறக்கி, அது காட்டுவதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். அந்த மென்பொருள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் குறியீடாக மாற்றி வைக்கப்பட்ட மதிப்பைத் திருப்பிப் படிக்கிறது. ரீடெயில் கீயாக இருந்தால் இது பெரும்பாலும் சரியாக வரும். தயாரித்த நிறுவனமே விண்டோஸை ஏற்றி அனுப்பிய ஓஇஎம் சர்வரிலோ, ரெஜிஸ்ட்ரியில் இருப்பது தொழிற்சாலையில் பல பெட்டிகளுக்கும் சேர்த்துப் போட்ட பொதுக் கீயாக இருக்கலாம். மறுநிறுவலுக்கு உங்களுக்கு உரிமையான கீ ஸ்டிக்கரில் இருப்பதுதான். ஒரே கீயைப் பல சர்வர்களில் போடும் எம்ஏகே எனப்படும் வால்யூம் கீயால் ஆக்டிவேட் செய்த சர்வரில் ‘பி’ (B) என்ற எழுத்தே வரிசையாக வந்து நிற்பதும் உண்டு. அத்தகைய கீயை ஒப்பந்தம் செய்த நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் வால்யூம் லைசென்ஸ் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். எம்ஏகே கீக்கு ஆக்டிவேஷன் எண்ணிக்கை வரம்பு உண்டு என்பதால், சோதனைக்காக ஏற்றும் மெஷின்களில் அதைப் போட்டு வீணாக்கவும் கூடாது.

கேஎம்எஸ் முறையில், அதாவது நிறுவனத்தின் சொந்த சர்வர் ஒன்றே மற்ற சர்வர்களை ஆக்டிவேட் செய்யும் முறையில், இயங்கும் சர்வரில் கீயை மீட்க முயல்வது வீண் வேலை. அங்கே பயன்படும் பொதுக் கீயை மைக்ரோசாஃப்ட்டே எல்லாருக்கும் வெளியிட்டிருக்கிறது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து கேபிள் அறுந்து, கோவைத் தலைமை அலுவலகத்தின் கேஎம்எஸ் சர்வரோடு தொடர்பு போய்விட்டால் உதகைக் கிளை பதறத் தேவையில்லை, ஏனென்றால் ஒருமுறை பெற்ற ஆக்டிவேஷன் 180 நாள் செல்லும், அதற்குள் தொடர்பு திரும்பினால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். இரண்டு மூன்று சர்வர் மட்டும் உள்ள அலுவலகம் தனக்கென்று கேஎம்எஸ் அமைக்க முயல்வதுதான் இதில் உண்மையான தவறு. குறைந்தது ஐந்து சர்வர்கள் கேட்டால்தான் அது சர்வர்களை ஆக்டிவேட் செய்யத் தொடங்கும்.

ஸ்டிக்கரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மலையில் அதிகம் அழிவது அதுதான். தென்மேற்குப் பருவமழையில் கூடலூரிலும் வடகிழக்குப் பருவமழையில் குன்னூரிலும் மூடிய அறைக்குள்ளேயே சுவர் வியர்க்கிறது. புதிய ஸ்டிக்கர்களில் கீயின் ஒரு பகுதியைச் சாம்பல் நிறப் பூச்சு மூடியிருக்கும். அதை பிளேடால் சுரண்டியதில் எழுத்துகளும் சேர்ந்து போன பெட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். சர்வர் வந்த அன்றே படம் எடுத்து, கையாலும் எழுதிவைக்க வேண்டும். எழுதும்போது, விண்டோஸ் கீயில் ஆங்கில உயிரெழுத்துகளும் எல், எஸ், இசட் ஆகியவையும், பூஜ்ஜியம், 1, 5 ஆகிய இலக்கங்களும் வருவதில்லை என்பதை நினைவில் வைத்தால், ஏட்டில் ‘ஓ’ (O) என்று தெரிவது உண்மையில் ‘க்யூ’வாகவோ (Q) ‘டி’யாகவோ (D) இருக்கும் என்று ஊகித்துவிடலாம். ‘பி’யும் (B) 8-ம், ‘ஜி’யும் (G) 6-ம் ஒன்றை ஒன்று போலத் தோன்றும் என்பதால் அவற்றை இருமுறை சரிபார்க்க வேண்டும்.

பூட் ஆகாத சர்வரின் டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். டிஸ்க் படிக்கக்கூடிய நிலையில் இருந்தால், அதை வேறு கணினியில் இணைத்து, ‘சிஸ்டம்32’ கோப்புறைக்குள் ‘கான்ஃபிக்’கில் உள்ள ‘சாஃப்ட்வேர்’ கோப்பை நகலெடுத்துக்கொண்டால், ரெஜிஸ்ட்ரியில் இருந்த கீயைப் பிறகும் அதிலிருந்து மீட்கலாம்.

இவாலுவேஷன் (சோதனைக் காலப்) பதிப்பைப் போட்டு, பிறகு கீ வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பதும் இங்கே வழக்கமாகிவிட்டது. 180 நாள் முடிந்த பிறகு அந்த சர்வர் மணிக்கொரு முறை தானாக அணைந்துவிடும். அதற்குள் அதை டொமைன் கன்ட்ரோலராக (அலுவலகக் கணினிகளில் நுழைபவர்களைச் சரிபார்க்கும் சர்வராக) ஆக்கியிருந்தால், கீயை இட்டு முழுப் பதிப்பாக மாற்றவும் முடியாது. அந்தப் பொறுப்பை வேறொரு சர்வருக்கு மாற்றி, இதிலிருந்து நீக்கிய பிறகே மாற்ற முடியும். இலவசமாக ஆக்டிவேட் செய்து தருவதாக இணையத்தில் கிடைக்கும் கருவிகள், விவசாயியின் கணக்கையும் பள்ளியின் மதிப்பெண்களையும் வைத்திருக்கும் இயந்திரத்தில் முன்பின் அறியாதவருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் தருவதற்குச் சமம். அவற்றை ஒருபோதும் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் எழுதிவைத்தும், அந்தக் கோப்பை அதே சர்வரிலேயே சேமிப்பவர்கள் உண்டு. கீ, சர்வர் வேலைக்கு வந்து போகும் ஒரே எஞ்சினியரின் கைபேசியில் மட்டும் இருப்பதும் அதற்கு இணையான ஆபத்து. பெட்டியின் சீரியல் எண், கீயின் வகை, முழுக் கீ, வாங்கிய பில்லின் எண்ணும் தேதியும், பதிப்பு ஸ்டாண்டர்டா டேட்டாசென்டரா என்பது ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி, ஸ்டிக்கரின் படத்தையும் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் இட்டு, பில்லோடு சேர்த்து அலுவலகப் பீரோவில் வைக்கலாம். இன்னொரு நகலைப் பாஸ்வேர்டு போட்டு வேறு இடத்தில் சேமிக்கலாம். இரண்டும் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகு, ‘எஸ்எல்எம்ஜிஆர் /சிபிகேஒய்’ (slmgr /cpky) கட்டளையால் ரெஜிஸ்ட்ரியில் உள்ள கீயை அழித்துவிட்டால், சர்வருக்குள் நுழைபவர் அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆக்டிவேஷன் அப்படியே இருக்கும்.