ஒட்டாவாக் குளிரைத் தாங்கும் ரோஜா: நடுவதிலிருந்து முதற் கவாத்து வரை

ஒட்டாவாவில் எங்கள் வீட்டு முற்றத்தில் நான் முதலில் நட்டது, அடர்சிவப்பில் பெரிதாகப் பூக்கும் ஓர் ஒட்டு ரோஜா, அதாவது வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டி வளர்த்தது. முதல் குளிர்காலம் கழிந்து மே மாதத்தில் அதன் அடியிலிருந்து தளிர்கள் விரைந்து எழுந்தபோது, செடி பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அவ்வாண்டு அது ஒரு பூவும் பூக்காமல் நீண்ட கிளைகளை மட்டும் விட்டது. அடுத்த ஜூனில் கொத்துக் கொத்தாகச் சிறு வெள்ளைப் பூக்கள் பூத்தன. ஒட்டிய சிவப்பு ரோஜா குளிரில் மடிந்து, அதற்கு வேர்ச்செடியாக இருந்த மல்டிஃப்ளோரா என்னும் காட்டு ரோஜாவே எஞ்சியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆகவே முதல் வேலை, செடியைத் தேர்ந்தெடுப்பது. இந்தக் குளிருக்கென்றே உருவாக்கிய ரோஜாக்கள் இதே ஊரில் பிறந்தவை. இங்குள்ள மத்திய பரிசோதனைப் பண்ணையில் ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா என்ற ஆய்வாளர் 1961இல் தொடங்கிய இனக்கலப்புப் பணியில் விளைந்த வகைகளுக்கு, கனடாவுக்கு வந்த கடற்பயணிகள், நாடாய்வாளர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். முதலாவதான மார்ட்டின் ஃப்ரோபிஷர் 1968இல் வெளிவந்தது. புதிதாகத் தொடங்குவோருக்கு நான் சொல்வது 1974இல் வந்த ஜென்ஸ் மங்க்; இளஞ்சிவப்புப் பூவும் நல்ல மணமும் உடையது, முள் மிகுதி. வேலியிலோ கம்பத்திலோ படரவிட வேண்டுமானால் ஜான் கேபட் அல்லது வில்லியம் பாஃபின் போதும். எதை வாங்கினாலும், அது ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் வளர்ந்த செடிதானா என்று கேட்டு வாங்குங்கள். சொந்த வேர்ச் செடி தரைமட்டம் வரை கருகினாலும், மீண்டும் முளைப்பது அதே ரோஜாவாகவே இருக்கும்.

நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் விழும் இடத்தில், கடைசி உறைபனி நீங்கும் மே நடுப்பகுதிக்குப் பிறகு, 45 சென்டிமீட்டர் ஆழமும் அகலமும் உள்ள குழி எடுத்து, தோண்டிய மண்ணோடு மக்கிய உரத்தைக் கலந்து நடுங்கள். நான் தவறியது ஆழத்தில்தான். வேர்ச்செடியும் ஒட்டுத் தண்டும் சேரும் இடத்தில் ஒரு முடிச்சு புடைத்திருக்கும். குளிரற்ற நாடுகளில் அது மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுவது வழக்கம் என்பதால் நானும் அப்படியே நட்டேன். பனிக்காற்று நேராகப் பட்டதும் முடிச்சு இறந்துவிட்டது. இங்கே ஒட்டுச் செடியின் முடிச்சு தரைமட்டத்துக்குக் கீழே 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். குழியின் குறுக்கே ஒரு கோலை வைத்து, அதிலிருந்து முடிச்சு வரை அளந்துவிட்டு மண்ணைத் தள்ளுங்கள். தண்ணீர் ஊற்றியதும் மண் அமிழும் என்பதால், ஊற்றிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். சொந்த வேர்ச் செடிக்கு 5 சென்டிமீட்டர் போதும்.

தண்ணீரைக் காலையில் அடியில் மட்டும் ஊற்றினால் கரும்புள்ளி நோய் குறையும். ஜூலை முடிவோடு உரத்தை நிறுத்துங்கள். அதற்குப் பின் எழும் இளங்கிளைகள் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். செப்டம்பரில் வாடிய பூக்களைக் கிள்ளாமல் விட்டால் காய் பிடிக்கும். செடியும் ஓய்வுக்குத் திரும்பும்.

நவம்பரில் தரை இறுகத் தொடங்கியதும் அடியைச் சுற்றி 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் அணையுங்கள். செடியின் மேல் கவிழ்த்து மூடக் கடைகளில் விற்கும் நுரைக் கூம்புகளை நான் விரும்புவதில்லை: மார்ச் வெயிலில் உள்ளே சூடேறி மொட்டு விழித்துக்கொள்ளும், இரவுக் குளிர் அதைக் கொன்றுவிடும். வெளியே குவியும் பனி அவற்றைவிட நல்ல போர்வை.

ஏப்ரலில் அணைத்த மண்ணை விலக்கி, மொட்டுகள் புடைக்கும் வரை பொறுத்த பின்பே கவாத்து செய்யுங்கள். கிளையின் நடுத்தண்டு பழுப்பாக இருந்தால், வெண்மையாகத் தெரியும் இடம் வரை வெட்டிக்கொண்டே இறங்க வேண்டும். இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் கத்தரியே நல்லது. ஓர் அலகு தட்டையான பட்டையில் அழுந்தும் வகை கிளையை நசுக்கிவிடும்.

பின்னர் சேர்த்தது: தொட்டியில் வளர்க்கலாமா என்று வாசகர் இருவர் கேட்டிருந்தார்கள். வளர்க்கலாம். ஆனால் தொட்டி மண் எல்லாப் பக்கமும் உறைவதால், இலை உதிர்ந்த பிறகு அதைச் சூடேற்றாத கராஜுக்குள் வைத்து, மண் முற்றிலும் காயாதபடி எப்போதாவது சிறிது தண்ணீர் விடுங்கள். இன்னொருவரின் ஜென்ஸ் மங்க் இலைகள் கந்தக மருந்து தெளித்த பின் கருகியிருந்தன. அந்த ரோஜா, ருகோசா என்னும் காட்டு ரோஜாவின் வழி வந்தது. சுருங்கிய இலைகளையுடைய இவ்வகைக்கு எந்த மருந்தும் தெளிக்காதீர்கள். ஜப்பானிய வண்டு வந்தால், விடியற்காலையில் அது மந்தமாக இருக்கும்போது சோப்பு நீர் உள்ள வாளியில் தட்டி விழச் செய்யுங்கள்.