ஆயிரம் ரூபாய் பென்ஷனையும் இழக்கவைக்கும் தவறுகள்

2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூர் ஓசூர் ரோட்டில் பஸ் நகரவில்லை. பொம்மனஹள்ளியிலும் பீனியா பக்கத்திலும் கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் மெஷினை விட்டு எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். பி.எஃப்-இல் கம்பெனி கட்டும் பங்கை 58 வயது வரை தொட முடியாது என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு விதியை மாற்றியிருந்தது. எந்தப் பெரிய தொழிற்சங்கமும் கூப்பிட்டு நடந்த போராட்டம் அல்ல அது. ஆனாலும் இரண்டாம் நாளே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

அதற்கப்புறமும் கெடுபிடி குறையவில்லை. வேலை போன இரண்டு மாதத்தில் பி.எஃப் கணக்கை முழுதாக முடித்துக்கொள்ளலாம் என்று இருந்ததை 12 மாதமாக நீட்ட, 2025 அக்டோபரில் பி.எஃப் வாரியம் முடிவெடுத்தது. பென்ஷன் பங்கை எடுப்பதற்கான காத்திருப்பு 2 மாதத்திலிருந்து 36 மாதம். கணக்கில் 25 சதவீதம் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். மீதி 75 சதவீதத்தை வேலை போனவுடனே எடுக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். ஆனால் பீனியாவில் ஒர்க்‌ஷாப் மூடி, வாடகையும் பிள்ளையின் ஃபீஸும் ஒன்றாக வந்து நிற்கிறவருக்கு அந்தக் கால் பங்கும் பெரிய பணம்தான்.

பென்ஷன் கணக்கும் 2014 செப்டம்பரிலேயே மாறிவிட்டது. அதுவரை கடைசி 12 மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்துப் பென்ஷன் போட்டார்கள். அதன்பின் கடைசி 60 மாதம். சம்பளம் ஏறிக்கொண்டே வந்தவருக்கு இதில் நேரடி நஷ்டம். அதே மாதம் நிர்ணயித்த குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய். அதற்குப்பின் பத்து ஆண்டு கடந்தும் அது ஏறவில்லை. முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 200 ரூபாய் என்பது பதினைந்து ஆண்டுக்கும் மேலாக அப்படியே நிற்கிறது. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள்.

கோபம் வராமல் இருக்குமா? வரத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோபத்திலும் அலுப்பிலும் நம் ஆட்கள் எடுக்கும் சில முடிவுகள், அரசு குறைத்ததைவிட அதிகமாகக் குறைத்துவிடுகின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஸ்ரீராமபுரம், அல்சூர், விவேக்நகர், ஈஜிபுரா என்று பெங்களூரில் எங்கே இருந்தாலும், அப்பா அம்மாவின் பி.எஃப் பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

பென்ஷன் பணத்தைத் துடைத்து எடுப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்-க்குப் போகிறது. கம்பெனியும் 12 சதவீதம் கட்டுகிறது. கம்பெனி கட்டுவதில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடுகிறது. 15,000 ரூபாய் சம்பளம் என்ற உச்சவரம்பால் மாதம் அதிகபட்சம் 1,250. வேலையை விட்டதும் பி.எஃப் பணத்துக்கான 19-ஆம் நம்பர் படிவத்தோடு, பென்ஷன் பங்குக்கான 10சி படிவத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. சைபர் சென்டர்காரர் கேட்பதுகூட இல்லை, இரண்டையும் அவரே போட்டுவிடுகிறார். 10சி-யில் பணமாக வாங்கினால் அந்த வேலையின் பென்ஷன் சர்வீஸ் அத்தோடு அழிந்துபோகும். அடுத்த கம்பெனியில் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாதப் பென்ஷன் வேண்டுமென்றால் 10 ஆண்டு சர்வீஸ் தேவை. ஆறு மாதமும் அதற்கு மேலும் வரும் துண்டு ஒரு முழு ஆண்டாகக் கணக்காவதால், ஒன்பதரை ஆண்டு இருந்தாலே போதும். நான்கு கம்பெனியில் மும்மூன்று ஆண்டு வேலை செய்தவருக்கு 12 ஆண்டு சர்வீஸ். ஒவ்வொரு முறையும் 10சி போட்டவருக்கோ கையில் ஒன்றுமில்லை.

கணக்கைப் பாருங்கள். சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் வருவது மாதப் பென்ஷன். 12,000 ரூபாய் சம்பளம், 10 ஆண்டு என்றால் 1,714 ரூபாய். 20 ஆண்டு முடித்தவருக்குப் போனஸாக 2 ஆண்டு சேரும்; அவருக்கு 3,771 ரூபாய். அதே 12,000 சம்பளக்காரர் ஒன்பதாவது ஆண்டில் பணமாக எடுத்தால் கிடைப்பது அந்தச் சம்பளத்தைப்போல ஒன்பது மடங்கு சொச்சம். மாதம் 1,714 வாங்கினால் ஆறு ஆண்டுக்குள் அந்தத் தொகை திரும்பிவிடும். பிறகு வருவதெல்லாம் உயிருள்ளவரை. அவருக்குப்பின் கணவனுக்கோ மனைவிக்கோ குறைந்தது 1,000 ரூபாய் மாதாமாதம், 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்குத் தனிப் பென்ஷன். சொற்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் தனக்கென்று ஒரு ரூபாய் வருமானமும் இல்லாத வயதில் அது மாத்திரைச் செலவுக்கு ஆகும். மகனிடம் கை நீட்டாமல் இருப்பதன் அருமை அந்த வயதில்தான் தெரியும்.

அவசரத்துக்குப் பி.எஃப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பணம். பென்ஷன் பங்கைத் தொடாதீர்கள். அடுத்த வேலை கிடைத்தால் பழைய கணக்கை அதற்கு மாற்றிவிடுங்கள். வேலைக்கே போகப்போவதில்லை என்றால், அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிபிகேட் கேளுங்கள். உங்கள் சர்வீஸ் அதில் பதிவாகி நிற்கும்.

ஐம்பது வயதில் பென்ஷன் வாங்கத் தொடங்குவதும் இதே ரகம். விதி அனுமதிக்கிறது, 58-க்கு முன் எடுக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. ஐம்பதிலேயே எடுத்தால் முப்பது சதவீதத்தை ஒட்டிப் போய்விடும், அதுவும் ஆயுள் முழுக்க. 60 வரை தள்ளிப் போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும்.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி

தமிழர்களுக்கு பெங்களூரில் இது தனித் தலைவலி. ஊரில் பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் மு. செல்வி. ஆதாரில் செல்வி முனுசாமி. கல்யாணத்துக்குப்பின் எடுத்த பான் கார்டில் செல்வி குமார். டைம் ஆபீஸில் கன்னடக்காரர் காதில் விழுந்தபடி எழுதியது ஷெல்வி. முருகேசன் இங்கே முருகேஷ் ஆவார். கனிமொழியின் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஓர் எழுத்தாக எழுதுவார், இன்னொருவர் இரண்டாக எழுதுவார். வேலை செய்த காலம் முழுக்க யாரும் இதைக் கேட்கவில்லை. கிளைம் போடும் நாளில் கம்ப்யூட்டர் கேட்கிறது. பெயர் பொருந்தவில்லை என்று ரிஜெக்ட் ஆகிறது.

இதில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. கம்பெனிப் பதிவோடு பொருந்தட்டும் என்று ஓடிப்போய் ஆதாரை மாற்றாதீர்கள். ஆதாரில் பெயரை மாற்ற இரண்டு முறைதான் வாய்ப்பு. பிறந்த தேதிக்கு ஒரே முறை. அதை வீணாக்கிவிட்டு, பிறகு பாங்க் கணக்கும் பான் கார்டும் பொருந்தாமல் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஆதார் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சரியென்றால் பி.எஃப், பான், பாங்க் மூன்றையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். 2017 அக்டோபருக்குப்பின் ஆதார் சரிபார்ப்போடு கிடைத்த யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப் நம்பர்) என்றால் பெயர், பிறந்த தேதி போன்றவற்றைப் பெரும்பாலும் நீங்களே ஆன்லைனில் திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தியது என்றால் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும். கம்பெனியே மூடப்பட்டுவிட்டால் ஆதாரங்களோடு பி.எஃப் ஆபீஸில் மனு கொடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் கம்பெனி இருக்கும்போதே, ஹெச்.ஆர்-இல் தெரிந்த முகம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள் என்கிறேன். 57 வயதில் தொடங்க வேண்டிய வேலை அல்ல இது.

இனிஷியலை விரித்து எழுதும்போது பெண்கள் ஒரு முடிவு எடுத்துக்கொள்ள வேண்டும்: அப்பா பெயரா, கணவர் பெயரா. எது என்பது உங்கள் விருப்பம். எல்லா இடத்திலும் அதுவே இருக்கட்டும்.

பிறந்த தேதியில் இன்னொரு சிக்கல். கம்பெனிப் பதிவில் வயது குறைவாக இருந்தால் 58 தாண்டியும் பென்ஷன் பங்கு பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பணத்தால் பென்ஷன் ஏறாது. கிளைம் சிக்கலாவதுதான் மிச்சம்.

பழைய கம்பெனியை மறந்துவிடுவது

யுஏஎன் வந்தது 2014-இல். அதற்கு முன் வேலை செய்த இடத்தின் பி.எஃப் நம்பர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, அப்பாயின்ட்மென்ட் லெட்டர் எதையும் தூக்கிப் போடாதீர்கள். காண்ட்ராக்டர் மூலம் வேலை செய்தவர்கள் காண்ட்ராக்டரின் பெயரையும் எழுதி வையுங்கள், பி.எஃப் கட்டியது பெரும்பாலும் அவர்தான், வாசலில் பலகை வைத்திருக்கும் கம்பெனி அல்ல. கணக்குக்கு மேல் கணக்கு இருந்தால் எல்லாவற்றையும் இப்போதைய யுஏஎன்-க்கு மாற்றிச் சேர்த்துவிடுங்கள்.

வேலையை விட்ட தேதியைப் பழைய கம்பெனி பதியாமல் விட்டிருந்தாலும் கிளைம் நகராது. கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனபின் அதை நீங்களே பி.எஃப் இணையதளத்தில் (போர்ட்டல்) பதியலாம். இது தெரியாமல் பழைய மேனேஜரைத் தேடி அலைகிறவர்கள் நிறைய.

ஏஜென்ட் கையில் ஓடிபி

கிளைம் போட அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. போர்ட்டல் குழப்பமாக இருப்பது உண்மை. ஆங்கிலமும் இந்தியும் தெரியாதவர் உதவி கேட்பதில் தவறில்லை. தட்டித் தர ஒருவருக்கு ஐம்பது நூறு கொடுங்கள். வருகிற தொகையில் சதவீதம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். பாஸ்வேர்டையும் ஆதார் மொபைலையும் அவர் கையில் விட்டுவிட்டு வராதீர்கள். தன் நம்பரையே உங்கள் கணக்கில் ஏற்றிவிடும் ஏஜென்ட் இருந்தால், அடுத்த ஓடிபி அவருக்குத்தான் போகும். திரையில் எந்தப் படிவம் என்று நீங்களே பார்த்துக் கேளுங்கள். 10சி-யில் பணம் கேட்பதாக இருந்தால் நிறுத்துங்கள்.

உயிர்ச் சான்று

பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுக்கு ஒருமுறை சான்று கொடுக்க வேண்டும். மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்கு அது நவம்பர் மாதம். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். பி.எஃப் பென்ஷனுக்கு அப்படி இல்லை. எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். நவம்பர் வரட்டும் என்று காத்திருந்து, மார்ச்சிலேயே கெடு முடிந்து பென்ஷன் நின்று போகிறது.

தையலிலும் கட்டட வேலையிலும் தேய்ந்த விரலில் ரேகை விழாது. மெஷினில் நாலு முறை வைத்துப் பார்த்துவிட்டு, முடியாது போலிருக்கிறது என்று வீடு திரும்பாதீர்கள். இதற்கென்றே உள்ள ஜீவன் பிரமாண் என்ற அரசுச் செயலியில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கலாம். பேரப்பிள்ளையின் போன் போதும்.

ஓய்வுக்குப்பின் ஆம்பூருக்கோ அரூருக்கோ திரும்பிப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2025 ஜனவரியிலிருந்து பி.எஃப் பென்ஷனை நாட்டில் எந்த பாங்க் கிளையிலும் வாங்கலாம். ஊர் மாறினால் பென்ஷன் பைலையும் மாற்ற வேண்டும் என்ற பழைய அலைச்சல் இல்லை.

நாமினி இல்லாமல் விடுவது

வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் பத்து ஆண்டு சர்வீஸ் தேவையில்லை. ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே குடும்பப் பென்ஷன் உண்டு. பி.எஃப்-ஓடு சேர்ந்த இன்ஷூரன்ஸும் இருக்கிறது: ஓராண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். இது தெரியாமலே, கம்பெனி கொடுத்த மாலையையும் ஈமச்சடங்குச் செலவையும் வாங்கிக்கொண்டு ஒதுங்கிப் போன குடும்பங்கள் உண்டு. எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். நாமினியை இன்றே ஆன்லைனில் பதியுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்தவர்கள் மறுபடி பதிய வேண்டும். கல்யாணமானதும் பழைய நாமினேஷன் செல்லாது.

கவுன்டரில் கத்திவிட்டுத் திரும்புவது

கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் விதியை எழுதியவர் அல்ல. அங்கே போட்ட சண்டைக்குப் பதிவும் கிடையாது. எழுத்தில் கேளுங்கள். பி.எஃப்-இன் ஆன்லைன் குறைதீர்ப்புத் தளத்தில் பதிந்தால் நம்பர் கிடைக்கும். 14470-க்கு போன் செய்யலாம். மாதந்தோறும் 27-ஆம் தேதி ஒவ்வொரு மாவட்டத்திலும் 'நிதி ஆப்கே நிகட்' என்ற பி.எஃப் குறைதீர்ப்பு முகாம் நடக்கிறது. விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். கன்னடம் பேசத் தயங்குகிறவர்கள் பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ரிஜெக்ட் ஆன காரணத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

பதில் வரவில்லையென்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில், என் கிளைம் எந்தத் தேதியில் யார் மேசையில் இருந்தது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். முழுமையாகக் கொடுத்த பி.எஃப் கிளைமை 20 நாளில் முடிக்க வேண்டும் என்பது பி.எஃப் திட்டத்தின் விதி. தக்க காரணமின்றித் தாமதித்தால் 12 சதவீத வட்டி, அதுவும் கமிஷனரின் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மனுவில் இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பி.எஃப் உறுப்பினர் ஒரு நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-இலேயே சொல்லிவிட்டதால், கடைசியாக நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே வக்கீல் இல்லாமல் நீங்களே உங்கள் வழக்கைச் சொல்லலாம்.