வெறுங்கைக் குத்துச்சண்டை: 19ஆம் நூற்றாண்டுச் செய்தி ஒன்றைப் படிப்பது எப்படி?

1889 ஜூலை 8, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், ரிச்பர்க். ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் கையுறை இல்லாமல் மோதினார்கள். 75 சுற்று, 2 மணி 16 நிமிடம், சல்லிவனுக்கு வெற்றி.

இந்த ஒரு வரியில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு கிடந்தேன். சுற்றுக்கு 3 நிமிடம், நடுவே 1 நிமிட ஓய்வு என்று போட்டால் 75 சுற்றுக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் வருகிறது. அச்சுப்பிழை என்றே முடிவு கட்டியிருந்தேன். செய்தி சரிதான், என் கணக்குதான் தப்பு. பழைய பத்திரிகைச் செய்திகளைப் புதிதாகப் படிக்க ஆரம்பிப்பவர்கள் அதே இடத்தில் நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் ஆண்டைப் பாருங்கள்

எந்த விதிப்படி நடந்த சண்டை என்பதை ஆண்டு சொல்லிவிடும். 1743இல் இங்கிலாந்துக் குத்துச்சண்டை வீரர் ஜாக் பிராட்டன் எழுதிய விதிகள் 1838 வரை ஓடின. அதன் பிறகு லண்டன் பிரைஸ் ரிங் விதிகள். 1853இல் அவற்றைத் திருத்தினார்கள். கையுறை, 3 நிமிடச் சுற்று, 10 விநாடி எண்ணுதல் எல்லாம் 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளைச் சேர்ந்தவை. ஆனால் 1867க்குப் பிறகும் வெறுங்கைச் சண்டைகள் பழைய விதிப்படியே நடந்தன. சல்லிவன் சண்டை அதற்குச் சாட்சி.

படி 2: சுற்று என்பதை நேரமாக எண்ணாதீர்கள்

என்னைத் தடுக்கிவிட்ட இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வெறுங்கைச் சண்டையில் ஒருவர் தரையில் விழுந்தால்தான் சுற்று முடியும். அடிபட்டு விழுந்தாலும் சரி, எதிராளி இடுப்புக்கு மேல் பிடித்துத் தூக்கிப் போட்டாலும் சரி, ஒரு முழங்காலும் ஒரு கையும், அல்லது இரண்டு முழங்கால்களும் தரையைத் தொட்டாலும் சரி. அது 10 விநாடியில் நடக்கலாம், 20 நிமிடமும் ஆகலாம்.

விழுந்ததும் 30 விநாடி ஓய்வு. துணைக்கு வந்த ஒருவர் மண்டியிட்டுத் தன் தொடையையே நாற்காலியாகக் கொடுப்பார். இன்னொருவர் தண்ணீர்ப் புட்டியோடு நிற்பார். ‘டைம்’ என்று குரல் வந்ததும் 8 விநாடிக்குள் யார் துணையும் இல்லாமல் நடந்து, களத்தின் நடுவில் கீறியிருக்கும் கோட்டுக்கு வந்துவிட வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பெயர் ஸ்கிராட்ச். வரமுடியாதவர் தோற்றார். புள்ளிக் கணக்கெல்லாம் கிடையாது.

இனி ரிச்பர்க் கணக்கைப் போடுவோம். 75 சுற்றுக்கு நடுவே 74 இடைவேளை. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 38 விநாடி என்றால் ஏறக்குறைய 47 நிமிடம். மொத்தம் 136 நிமிடத்திலிருந்து அதைக் கழித்தால் 89 நிமிடம். சுற்றுக்குச் சராசரி 71 விநாடி. எனக்குப் புரியாமல் கிடந்த வரி அப்போதுதான் திறந்தது.

சுற்று எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இரண்டு சண்டைகள் போதும். 1825இல் இங்கிலாந்தின் செஷயரில் ஜாக் ஜோன்ஸ், பாட்ஸி டன்னி மோதியது 276 சுற்று, நான்கரை மணி நேரம். 1855இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஜேம்ஸ் கெல்லியும் ஜோனதன் ஸ்மித்தும் மோதியது வெறும் 17 சுற்று, ஆனால் 6 மணி 15 நிமிடம்! முன்னதில் ஓய்வைக் கழித்தால் சுற்றுக்கு அரை நிமிடம்கூடத் தேறாது. பின்னதில் ஒரு சுற்று சராசரியாக 20 நிமிடத்தைத் தாண்டுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடிபடாமலேயே விழுவது விதிமீறல். ஆனாலும் லேசாகப் பட்ட அடிக்கு விழுந்து 30 விநாடி மூச்சு வாங்குவது ஒரு தந்திரமாகவே இருந்தது. கில்ரெய்ன் அப்படித்தான் திரும்பத் திரும்பக் கீழே போனார். சுற்றுகள் சட்டென்று குறுகினால் யாரோ ஒருவர் களைத்துவிட்டார் என்று பொருள். செய்தி அதைச் சொல்லாமல் விட்டாலும் எண்கள் சொல்லிவிடும்.

படி 3: குழூஉக்குறியைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

அந்தக் காலத்து ஆங்கில நிருபர்கள் ரத்தத்தை ரத்தம் என்று எழுத மாட்டார்கள். ‘கிளாரெட்’ என்பார்கள், அதாவது சிவப்பு ஒயின். பல் என்றால் ‘ஐவரி’, தந்தம். வயிறு ‘ரொட்டிக்கூடை’. ஒருவர் தலையை மற்றவர் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு குத்தினால் தலை ‘சான்சரியில்’ இருக்கிறது என்பார்கள். சான்சரி என்பது வழக்குகள் வருடக்கணக்கில் சிக்கிக் கிடந்த நீதிமன்றம்.

இங்கே இயந்திர மொழிபெயர்ப்பை நம்ப வேண்டாம். ஒயின் வழிந்தது என்றே பெயர்த்துத் தந்துவிடும். ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து கணினி தானாக எடுத்துத் தரும் எழுத்தும் ஆகாது. 3ஐ 8 என்று படித்துவிடும், சுற்று எண்ணே மாறிப்போகும். பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள். கணினி அட்டவணையைவிட எனக்குக் கோடு போட்ட நோட்டுதான் வசதி: சுற்று எண், யார் விழுந்தார், எப்படி விழுந்தார் என்று மூன்று பத்தி போதும்.

படி 4: எடை

ஸ்டோன் கணக்கில் இருக்கும். ஒரு ஸ்டோன் 14 பவுண்டு, அதாவது 6.35 கிலோ. எடைப் பிரிவு பார்த்து ஜோடி சேர்க்கும் வழக்கமெல்லாம் பெரிதாக இல்லை. 1860 ஏப்ரல் 17 அன்று இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் மோதிய டாம் சேயர்ஸ் சுமார் 68 கிலோ, அமெரிக்கரான ஜான் ஹீனன் சுமார் 88 கிலோ. தொடக்கத்திலேயே சேயர்ஸின் வலது கை அடிகளைத் தடுத்துத் தடுத்துப் பயனற்றுப் போனது. பிறகு கடைசி வரை இடது கையால் மட்டுமே நின்றார். எடையைக் கிலோவுக்கு மாற்றிப் பார்த்த பிறகுதான் அந்த மனிதர் செய்தது என்ன என்று எனக்கு உறைத்தது.

படி 5: ஊரை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்

பணத்துக்காக நடந்த இந்தப் பந்தயச் சண்டை அன்று சட்டவிரோதம். ஒரு மாவட்டத்து நீதிபதியின் அதிகாரம் எல்லையோடு முடிந்துவிடும் என்பதால் எல்லையோரமாகவே களம் அமைப்பார்கள். ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஃபார்ன்பரோ சர்ரே எல்லையில் இருக்கிறது. 1811இல் டாம் கிரிப், முன்பு அடிமையாக இருந்தவர் என்று சொல்லப்படும் கறுப்பினத்து வீரர் டாம் மாலினோவை 11 சுற்றில் வென்ற திசில்டன் கேப் பகுதியும் மாவட்ட எல்லைகள் கூடும் இடம்தான். சேயர்ஸ் சண்டைக்கு லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து விடியுமுன் தனி ரயில்கள் போயின. எங்கே போகிறோம் என்பதை ரகசியமாக வைத்திருந்தார்கள்.

படி 6: இரண்டு செய்திகளையாவது ஒப்பிடுங்கள்

சேயர்ஸ், ஹீனன் சண்டை எத்தனை சுற்று? 37 என்றும் இருக்கும், 42 என்றும் இருக்கும். ஹீனன் சேயர்ஸின் கழுத்தைக் கயிற்றோடு அழுத்தியபோது கூட்டம் களத்துக்குள் புகுந்துவிட்டது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகும் சண்டை நடந்ததால் எண்ணிக்கை மாறுகிறது. முடிவு சமன். இருவருக்கும் ஆளுக்கொரு வெள்ளி இடுப்புப் பட்டை கொடுத்தார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் 1833 சண்டை ஒன்றுக்கு இடைவேளை 38 விநாடி என்று போட்டுக் கணக்கு உதைக்கிறது என்று எழுதியிருந்தார். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்: 8 விநாடி விதி 1838இல் வந்தது. அதற்கு முந்தைய சண்டைகளுக்கு அரை நிமிடம் என்று மட்டும் வையுங்கள்.

அவர் கேட்டது ஹார்ட்ஃபர்ட்ஷயரில் 1833 மே 30 அன்று சைமன் பர்னும் ‘டெஃப்’ பர்க்கும் மோதிய சண்டை. 99 சுற்று, 3 மணி 6 நிமிடம். ஓய்வு 49 நிமிடம் போனால் சுற்றுக்கு 83 விநாடி வருகிறது. இந்தச் சராசரியை நம்பாதீர்கள். அன்றைய விதி, சண்டைக்காரரைத் துணையாட்கள் தூக்கி வந்து கோட்டில் நிறுத்துவதைத் தடுக்கவில்லை. கடைசிச் சுற்றுகளில் பர்னைத் தாங்கிக்கொண்டு வந்துதான் நிறுத்தினார்கள். தானாக நடந்து வர வேண்டும் என்ற 1838 விதி அன்றே இருந்திருந்தால் 99 வரை போயிருக்காது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

அதனால் முடிவு வரியோடு நிறுத்தாமல் அதே பத்திரிகையின் அடுத்த வார இதழையும் எடுத்துப் பாருங்கள். பர்ன் மூன்று நாள் கழித்து இறந்தார். பர்க் மீது வழக்கு நடந்து விடுதலையானார். மூன்று ஆண்டுக்கு முன் இதே பர்னோடு மோதி இறந்துபோனவர் அலெக்சாண்டர் மெக்கே. அந்த வழக்கில் விடுதலையானவர் பர்ன்.