மரமேற நூல் விடக் குழாய்த் துப்பாக்கியா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழைக்கு முன்னால், ஓட்டு மேல் சாய்ந்த புளியங்கிளையைக் கழிக்க ஆள் தேடுவது தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் வழக்கம். 2018 கஜாவைக் கண்டவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களோ, ஏறும் கயிற்றை மேலே இழுக்க, மணல் பை கட்டிய நூலை உயரக் கிளைக்கு மேல் விட பிவிசி குழாயில் காற்றுத் துப்பாக்கி செய்துகொண்டு வந்து நிற்கிறார்கள். ஒவ்வொரு பருவமும் இதே கதை.

தண்ணீர்க் குழாயில் காற்றை அடைப்பது

"குழாயில் 6 கிலோன்னு போட்டிருக்கு, நான் 5 கிலோதானே பிடிக்கிறேன்" என்பார்கள். அந்த 6 கிலோ (சதுர செ.மீ.க்கு) தண்ணீர் அழுத்தத்துக்கு, அதுவும் 27 டிகிரியில். வெயிலில் வண்டி மேல் கிடந்து 45 டிகிரி சூடேறிய குழாய் ஏறக்குறையப் பாதிதான் தாங்கும்.

தண்ணீர் அமுங்காது. குழாய் விரிசல் விட்டால் கொஞ்சம் பீய்ச்சும், அழுத்தம் அப்போதே இறங்கிவிடும். காற்று அப்படியல்ல, அமுக்கிய சுருள்வில் போல உள்ளே காத்திருக்கும். நாலங்குலக் குழாய் ஒரு மீட்டர் நீளத்தில் 5 கிலோ காற்று என்றால் ஆயிரக்கணக்கான ஜூல் ஆற்றல். பிவிசி கிழிந்து காற்றை விடாது. கண்ணாடி போலச் சில்லுசில்லாகச் சிதறும், ஒவ்வொரு சில்லின் ஓரமும் கத்தி. அது வெடிப்பது பிடித்திருப்பவரின் விலாவுக்கும் தாடைக்கும் பக்கத்தில்.

"பத்துத் தடவை அடிச்சாச்சு, ஒண்ணும் ஆகலை" என்ற பேச்சுதான் ஆத்திரமூட்டுகிறது. காற்று ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத கீறல் வளர்கிறது. பதினோராவது தடவைக்கு முன்னறிவிப்பு கிடையாது. மேலே டேப் சுற்றுவதும் சாக்கு கட்டுவதும் இதற்கு மருந்தல்ல.

"விவசாயக் கருவிதானே" என்று நம்புவது

2016 ஆயுத விதிகளில் காற்றுத் துப்பாக்கிக்கு எல்லை 20 ஜூல், துளை 4.5 மி.மீ. இதில் ஒன்றைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும். 300 கிராம் மணல் பையை 20 மீட்டர் ஏற்றவே 60 ஜூல் ஆகும். பை பாயும் ஒன்றரை அங்குலக் குழாயின் துளையைச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருளுக்கு 1959 சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் விசை வைத்த குழாயைக் காவல்துறை எடுத்துப்போன பிறகு, அந்த வாதத்தை நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கார்பைடு

கார்பைடு வாயுவால் வெடிக்கும் குழாய்த் துப்பாக்கியைத் தொடாதீர்கள். 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் எத்தனையோ பிள்ளைகளின் கண்ணைக் காயப்படுத்தியது இதுதான்.

மரத்துக்குப் பின்னால் பார்க்காதது

வயலோரம் போகும் 11 கிலோவோல்ட் கம்பி பல இடங்களில் தொய்ந்து கிடக்கும். கிளையைத் தாண்டும் பை 20, 30 மீட்டர் தள்ளிப் போய் விழும். ஈர நூல் மின்சாரத்தைக் கடத்தும். அந்தத் தூரத்துக்குள் கம்பி இருந்தால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தும்வரை நூல் வாளிக்குள்ளேயே கிடக்கட்டும்.

தென்னைக்கு நூல் விடுவது

மட்டை ஆளைத் தாங்காது.

மாட்டிய பையை வெடுக்கென்று இழுப்பது

துப்பாக்கிக்குப் பதில் தேவை இவ்வளவுதான்: 2 மி.மீ. நூல், 300 கிராம் மணல் நிரப்பிய கித்தான் பை. கையால் வீசியே 12 மீட்டர் ஏற்றலாம். அதற்கு மேல் எட்டடிக் கம்பில் பொருத்திய பெரிய உண்டிவில் போதும். ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பைக்குள் கல், நட்டு, ஈயக்குண்டு வேண்டாம். தூண்டில் நரம்பும் ஆகாது. அது நீளும், கவையில் மாட்டிய பை விடுபட்டால் இழுத்தவர் முகத்துக்கே திரும்பி வரும். மாட்டினால் முதலில் நூலைத் தளர்த்தி ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் நூலைக் கட்டையில் சுற்றி, ஹெல்மெட்டோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் நின்று நிதானமாக இழுங்கள்.