பருவுக்கு என்ன வாங்கலாம்? பெரம்பூர் மெடிக்கல் கவுண்டரிலிருந்து

சாயங்காலம் ஆறரைக்கு மேல் எங்கள் கடையில் கூட்டம். பெரம்பூர் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறவர்கள் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வாங்க வரிசையாக நிற்பார்கள். கூட்டம் கரைந்த பிறகுதான், அதுவரை ஓரமாக நின்றுகொண்டிருந்த ஒரு பிள்ளை கிட்ட வந்து மெதுவாகக் கேட்கும்: "அக்கா, பிம்பிளுக்கு நல்லதா ஒரு கிரீம் குடுங்களேன்."

பதினாறு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். முதல் மூன்று வருஷம் சொன்னது தப்பான பதில்.

அப்போது வேறொரு கடையில் இருந்தேன். பரு, கறுப்பு, மங்கு, எதற்கு வந்தாலும் ஒரே ட்யூப்பை எடுத்து நீட்டுவோம். நாலே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிடும். ஆள் சந்தோஷமாகத் திரும்பி வருவார். ஒரு காலேஜ் பொண்ணு எட்டு மாசம் அதையே பூசியிருக்கிறாள். ஒரு நாள் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்தாள். கன்னம் முழுக்கச் சிவப்பு, நூல் மாதிரி ரத்தக்குழாய் தெரிகிறது, பரு முன்னைவிட அதிகம். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "நிறுத்தினா எரியுதுக்கா, அதே ட்யூப் இன்னொண்ணு குடுங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் அந்த ட்யூப்பின் பின்பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். மொமெடசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின். முதலில் இருப்பது ஸ்டீராய்டு. மங்குவுக்கு டாக்டர் கொஞ்ச நாளைக்கு எழுதித் தருகிற மருந்து அது. பருவுக்கு மாசக்கணக்கில் பூசுவதற்கு இல்லை. ஆகவே எதை வாங்கினாலும் ட்யூப்பைத் திருப்புங்கள். மொமெடசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெடசால், ஃப்ளூசினோலோன் இதில் ஒன்று இருந்தால் கவுண்டரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 2018-ல் இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு கட்டாயமான ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தார்கள். இன்னமும் சீட்டு இல்லாமல் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். ஏற்கெனவே மாசக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் ஸ்கின் டாக்டரிடம் போங்கள்.

சரி, எதை வாங்குவது? முதலில் கண்ணாடி முன்னால் நின்று உங்கள் பரு எந்த ஜாதி என்று பாருங்கள்.

மூக்கிலும் தாடையிலும் கரும்புள்ளி, தடவினால் ரவை மாதிரி நறநறவென்று பொடிப்பொடியாக வெள்ளைப் பரு என்றால் தோலின் துளை அடைத்திருக்கிறது. சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம் போதும். அது எண்ணெயில் கரையும், அதனால் துளைக்குள் இறங்கி வேலை செய்யும்.

சிவந்து, சீழ் வைத்து, தொட்டால் வலித்தால் பென்சாயில் பெராக்சைடு. 2.5, 5, 10 சதவீதம் என்று பல அளவில் வரும். பையன்கள் எப்போதும் 10 கேட்பார்கள், பெரிய நம்பர் சீக்கிரம் போக்கும் என்று. 2.5-ம் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வேலை செய்யும், எரிச்சல் குறைவு. ஒரு எச்சரிக்கை: துணியில் பட்டால் சாயம் போய்விடும். என் தம்பியின் நீலத் தலையணை உறையில் ஆரஞ்சுத் திட்டு இன்னும் இருக்கிறது. வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வகைப் பருவும் கலந்து, விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால் அடாபலின் 0.1 சதவீத ஜெல். டாக்டர் சீட்டோடு வாருங்கள். ராத்திரி மட்டும், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது வீண், ஏனென்றால் இது இனிமேல் வரப்போகிற பருவுக்கும் சேர்த்துப் போடுகிற மருந்து. முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோல் உரியும், பரு கொஞ்சம் கூடின மாதிரிகூடத் தெரியும், பயந்து நிறுத்தாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக்கூடாது.

அப்புறம் நம்ம ஊர் ஸ்பெஷல் ஒன்று உண்டு. கத்திரி வெயிலில் ஹெல்மெட் போட்டு வியாசர்பாடி தாண்டி வந்து நிற்பார்கள். நெற்றி முழுக்க ஒரே அளவில் சின்னச் சின்னதாக, அரிப்போடு. அது பெரும்பாலும் பரு இல்லை, பூஞ்சை. பரு கிரீமுக்கு அது கேட்காது. தலையில் பொடுகும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டாக்டரிடம் அனுப்புவேன். கீட்டோகோனசோல் என்கிற பூஞ்சை மருந்தைத்தான் பெரும்பாலும் எழுதிக்கொடுப்பார்.

கிளிண்டாமைசின் என்கிற ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் தனியாக வாங்கி வருஷக்கணக்கில் பூசாதீர்கள். கிருமி பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் டாக்டர்கள் எழுதுவார்கள்.

ஃபேஸ் வாஷுக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஒரு நிமிஷத்தில் கழுவி ஊற்றப்போகிற பொருள் அது. குளியல் சோப்பு வேண்டாம். போர் தண்ணீரில் சோப்பு முகத்திலேயே படிந்து இழுக்கும். நுரை கம்மியான, வாசனை இல்லாத ஒன்று, காலையும் ராத்திரியும். வால்நட் ஸ்க்ரப்பும் எலுமிச்சைச் சாறும் டூத் பேஸ்ட்டும் முகத்துக்கு எதிரிகள். பயத்தமாவை மெதுவாகப் பூசிக் கழுவினால் கெடுதல் இல்லை, பரு போகும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

"எண்ணெய் வழியிற மூஞ்சிக்கு மாய்ஸ்சரைசர் எதுக்குக்கா?" மருந்து தோலை வறட்டும், வறண்டால் எரியும், எரிந்தால் நீங்கள் மருந்தையே விட்டுவிடுவீர்கள். அதற்காகத்தான். ஜெல் மாதிரி லேசானது போதும். சன்ஸ்கிரீனும் ஜெல்லாகவே, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்குப் பிதுக்கி. நம் நிறத்துக்குப் பரு போன இடத்தில் கறுப்புத் தழும்பு நிற்கும்; வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். 'நான்-காமெடோஜெனிக்', அதாவது துளையை அடைக்காது, என்று அட்டையில் போட்டிருப்பதை முழுசாக நம்பாதீர்கள், அதற்குக் கட்டாய அளவுகோல் கிடையாது. தேங்காய் எண்ணெயும் கோகோ பட்டரும் சேர்ந்திருந்தால் நான் எடுத்துத் தர மாட்டேன். தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்க்கும் இது பொருந்தும். வழிய வழிய வைத்துப் படுத்தால் நெற்றியோரத்தில் பருவாக வந்து நிற்கும். அம்மாவோடு சண்டை வேண்டாம், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். ஒன்றை வாங்கி, தாடைக்குக் கீழே மூன்று நாள் தடவிப் பார்த்து, இரண்டு வாரம் போன பிறகு அடுத்தது. பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். ட்யூப்பை வண்டி டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், மே மாசத்தில் அது அடுப்பு.

கட்டி கட்டியாக ஆழத்தில் வந்தால், குழி விழுந்தால், பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய் தாடையில் முடியும் வந்தால் என்னிடம் நிற்காதீர்கள். சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில், அதாவது அரசு பொது மருத்துவமனையில், தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.

போன வாரம் ஒரு பையன், "நாளான்னிக்கு எங்க அக்கா கல்யாணம், அதுக்குள்ள போயிடுமா?" என்றான். மூக்கு நுனியில் ஒன்றே ஒன்று, பழுத்து நிற்கிறது. போகாது, கிள்ளாமல் இரு என்று சொல்லி பருவின் மேல் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுகிற ஹைட்ரோகொலாய்ட் ஒட்டு ஒரு அட்டை கொடுத்தேன். கடை வாசலிலேயே பைக் கண்ணாடியைப் பார்த்து ஒன்றை ஒட்டிக்கொண்டுதான் போனான்.