வைரத்துக்குப் பணம் கட்டும் முன் விளிம்பிலுள்ள எண்ணைப் படியுங்கள்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ, வைரங்களைத் தரம்பார்க்கும் அமெரிக்க ஆய்வகமான ஜிஐஏவின் அறிக்கையுடன் வைரம் வாங்குகிறவர்கள், பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கேட்டு வாங்கி, கிர்டில் எனப்படும் மெல்லிய விளிம்பில் லேசரால் பொறித்திருக்கும் அறிக்கை எண்ணைப் படித்து, அதைக் கைப்பேசியில் ஜிஐஏ இணையதளத்தின் சரிபார்ப்புப் பக்கத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது.

காகிதம் அசலாகவே இருந்து கல் மட்டும் வேறாக இருக்கக்கூடும் என்பதால், கல், காகிதம், ஆய்வகப் பதிவு ஆகிய மூன்றும் ஒத்துப்போவதே உறுதி. எண்ணையும் போலியாகப் பொறித்த கற்கள் பிடிபட்டிருக்கின்றன. ஆகவே மோதிரத்தில் பதிக்காத கல்லாக இருந்தால் தராசில் வைக்கச் சொல்வது நல்லது. அறிக்கையில் 0.70 காரட் என்றிருக்கும் கல் 0.66 காட்டினால், தேநீர் உபசாரம் எவ்வளவு பலமாக இருந்தாலும் எழுந்துவிடலாம். அறிக்கை ஆய்வகத்தில் வளர்த்த கல்லுக்கு உரியதா என்பதும் அதே சரிபார்ப்புப் பக்கத்தில் தெரிந்துவிடும்.

தோட்டிலும் அட்டிகையிலும் வரிசையாகப் பதிக்கும் பொடிக் கற்களுக்குத் தனித்தனி அறிக்கை இராது என்பதால், அங்கே இந்த முறை உதவாது. மோதிரத்தின் பிடிகள் எண்ணை மறைத்திருக்கலாம். ஜிஐஏவின் முழு அறிக்கை பெற்ற சில கற்களில் பொறிப்பே இல்லாமலும் இருக்கும் என்பதால், அறிக்கையில் பொறிப்பு பற்றிய வரியை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். விலை நியாயமானதா என்பதை ஜிஐஏ அறிக்கை சொல்லாது. அதற்கு நாலு கடை ஏறி இறங்கத்தான் வேண்டும்.